கயிற்றில் கை வைத்தவனின் பங்கு

நிலாவெளிக் கரையில் ஒரு கரைவலை வாடியில் நான் சில வருசம் சமையல்காரனாக இருந்தேன். தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுப்பதுதான் கரைவலை. வாடி என்றால் மணலில் ஓலையால் கட்டிய கொட்டில்கள்தான். தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்றுத் தொடங்க ஆட்கள் வந்து சேருவார்கள். மாரி வந்து கடல் புரள, கொட்டிலை விட்டுவிட்டு ஊருக்குப் போவார்கள்.

என் ஊர் சம்பூர். நாங்கள் வயல்காரர். கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. ஒரு வருசம் மழை இல்லை, வயலும் இல்லை. பாண் ரொட்டிக்கும் சீனிக்கும் கியூ நின்ற காலம் அது. மனிசியும் பிள்ளைகளும் ஊரில் இருக்க, நான் மூதூரில் லோஞ்சு ஏறித் திருகோணமலைக்கு வந்தேன். அங்கிருந்து பஸ். யாரோ சொன்ன வாடி வாசலில் போய் நின்றேன்.

சம்மாட்டியார் கதிரையில் இருந்தார். வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரரைத்தான் சம்மாட்டி என்பார்கள்.

"தோணி வலிக்கத் தெரியுமோ?"

"இல்லை."

"நீந்துவியோ?"

"குளத்தில."

"சோறு ஆக்கத் தெரியுமோ?"

"ஓம்."

அப்படித்தான் குசினி எனக்கு வந்தது. குசினி என்றாலும் அதுவும் ஒரு கொட்டில்தான். மூன்று அடுப்பு, இரண்டு பெரிய பானை, படுக்க ஒரு மூலை. சமைத்து முடிந்தால் நானும் போய்க் கயிறு இழுக்கவேண்டும். இழுத்தால் எனக்கும் மீன் பங்கு உண்டு. அதை உப்புப் போட்டுக் காயவைத்து லோஞ்சில் ஊருக்கு அனுப்புவேன். வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

முதல் வருசம் கன பேச்சு வாங்கினேன். மணலில் கிடந்த கயிற்றைக் கடந்து கால் வைத்தேன். ஏசினார்கள். தோணிக்குப் பக்கத்தில் சீட்டி அடித்தேன். அதற்கும் ஏசினார்கள். ஒருநாள் செருப்போடு வலைமேல் நின்றுவிட்டேன். அன்று வாடி முழுக்கச் சேர்ந்து ஏசியது. வயலில் வரப்பை மிதித்து நடப்போம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. யாரும் முன்னமே சொல்லித் தரமாட்டார்கள். பிழை விட்ட பிறகு சொல்லுவார்கள்.

இரண்டாம் வருசம் அந்த வெள்ளைக்காரன் வந்தான்.

ரோட்டால் வரவில்லை. கரையோரமாக நடந்தே வந்தான். முதுகில் நெல்மூட்டை அளவில் ஒரு பை. தாடி, கழுத்தில் உருத்திராட்சம், தோல் எல்லாம் வெயிலில் உரிந்து சிவந்து கிடந்தது. என் கொட்டில் வாசலில் நின்று "தண்ணி" என்றான். தமிழில் கேட்டது எனக்குப் புதினமாக இருந்தது. பேணியில் கொடுத்தேன். வாயில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடித்தான். இந்தியாவில் ஏதோ கோயில் ஊரில் கன மாதம் இருந்தவனாம். அங்கே பழகியதாம்.

பையை இறக்கிவிட்டு மூலையைக் காட்டி, "இங்க தூங்கலாமா?" என்றான்.

நான் சம்மாட்டியாரைப் பார்த்தேன்.

"உன்ர குசினி. நீயே பார்," என்றார்.

இருக்கட்டும் என்றேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. களைத்துப்போய் இருந்தான். போன வருசம் நானும் ஒரு வாசலில் வந்து நின்றவன்தானே.

இரண்டு நாளில் போவான் என்று நினைத்தோம். போகவில்லை. நாடு நாடாக நடந்து அலுத்துப் போனதென்றும், ஒரு இடத்தில் இருந்து பார்க்க விருப்பம் என்றும் சொன்னான். விறகு கொத்தினான். தேங்காய் துருவினான். விரலையும் சேர்த்துத் துருவினான். மரவள்ளிக் கிழங்கு உரிக்கக் காட்டிக் கொடுத்தேன். அது கைக்கு வந்தது.

இடுப்பில் சாரம் கட்டத்தான் வரவில்லை. கிணற்றடியில் இரண்டு தரம் அவிழ்ந்து விழுந்தது. தண்ணீர் அள்ள வந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பி நின்று சிரித்தார்கள். எங்கள் தோணியில் சுக்கான் பிடிக்கிற அண்ணன் ஒருவர் இருந்தார். வெற்றிலை வாய். அந்த வாய் சும்மா இருந்து நான் கண்டதில்லை. அவர் தன் இடுப்பு வாரைக் கழற்றிக் கொடுத்தார்.

"இதைப் போட்டுக் கட்டு, துரை. இந்த ஊர் தாங்காது."

"ஆமா," என்றான் அவன்.

"என்ன ஆமா? இந்தியாப் படமே ஓடுது? இஞ்ச ஓம் எண்டு சொல்லு."

"ஓம்."

"அதுதான். இனி நீ அரைவாசி மனிசன்."

அன்று தொடங்கி எல்லோருக்கும் அவன் துரைதான். கூப்பிட்டால் "ஓம்" என்று ஓடி வருவான்.

ஒரு பிழை விட்டான். எவருக்கும் வராத பிழை. வழியெல்லாம் இவனைக் கண்ட சனம் "எங்க போறாய்?" என்றுதான் கேட்டிருக்கிறது. பஸ்ஸிலும் அதுதான், தேத்தண்ணிக் கடையிலும் அதுதான். சந்திக்கிறவர்கள் சொல்லுகிற வணக்கம் அது என்று நினைத்துக்கொண்டான். ஒரு காலை, வலையை ஏற்றிக்கொண்டு தோணியைத் தண்ணீரில் தள்ளுகிற நேரம், இவன் பல்லைத் தீட்டிக்கொண்டு வந்து, சிரித்த முகமாக, "அண்ணா, எங்க போறீங்க?" என்றான்.

எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள்.

தொழிலுக்குப் போகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. எங்கள் ஊரிலும் அப்படித்தான். விதைக்கப் போகிறவனைக் கேட்கமாட்டோம். ஆனால் கடல்காரருக்கு அது இன்னும் பெரிது.

சுக்கான் அண்ணன் வெற்றிலையைத் துப்பினார். "சந்தைக்குப் போறம், துரை. தோணியில கத்தரிக்காய் வாங்கப் போறம்."

தோணியைத் திரும்ப இழுத்து மணலில் வைத்தார்கள். எல்லோரும் இருந்தார்கள். நான் பிளேன்டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, புதிதாகப் புறப்படுவது போல எழும்பிப் போனார்கள். அவன் தூரத்தில் தென்னை மரத்தடியில் போய் நின்றான். பிறகு நான் விசயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தன் வாயில் தானே ஒரு தட்டுத் தட்டினான்.

அவன் மீன் தின்னமாட்டான் என்பதை நான் முதல் நாளே கண்டேன். சோறும் தேங்காய்ச் சம்பலும் எடுப்பான். மீன் சட்டிப் பக்கம் வரமாட்டான். வயிறு சரியில்லையாக்கும் என்று விட்டேன். கிழங்கு அவித்துக் கொடுத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

அதுவரை அவன் கயிற்றைத் தொட்டதில்லை. பார்த்துக்கொண்டு நிற்பான். ஒருநாள் ஒருவருக்குக் காய்ச்சல். கயிற்றில் ஆள் குறைவு. இவன் போய்ப் பிடித்தான். நல்ல பலம். ஆனால் முறை தெரியாது. இழுத்துக்கொண்டு பின்னால் போகிற கடைசி ஆள் கயிற்றை விட்டு, ஓடிவந்து, தண்ணீரோரம் முதல் ஆளாகப் பிடிக்கவேண்டும். இவன் விடாமல் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தான். கொட்டிலைத் தாண்டிப் போனான்.

"துரை, குச்சவெளி வரைக்கும் போகாத. பஸ் இருக்கு," என்று சுக்கான் அண்ணன் கத்தினார்.

அன்று வலையின் மடி நிறைய மீன். கீரிமீனும் பாரையுமாக வந்து விழுந்தது. எனக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மணலில் மழை பெய்கிற மாதிரி.

வியாபாரிக்குப் போகிறது போக, இழுத்தவர்களுக்குக் கறிப்பங்கு வைப்பார்கள். சம்மாட்டியார் தன் கையால் ஆளுக்கொரு குவியலாக மணலில் வைத்துக்கொண்டு போவார். வெள்ளைக்காரனுக்கும் ஒரு குவியல் வைத்தார். மேலே ஒரு பாரை. நல்ல பங்கு.

அவன் கும்பிட்டான். "வேணாம். நீங்க எடுங்க," என்றான்.

"எடு," என்றார் சம்மாட்டியார்.

"வேணாம். ரொம்ப நன்றி."

சிரித்துக்கொண்டு போய்விட்டான். நல்லது செய்ததாகத்தான் நினைத்திருப்பான். குவியல் அப்படியே கிடந்தது. ஒருவர் பங்கை மற்றவர் தொடமாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் காகம் வந்தது.

அந்தக் கரையில் ஒரு முறை உண்டு. கயிற்றில் கை வைத்தவன் பங்கு எடுத்துத்தான் போகவேண்டும். வழிப்போக்கனும் அப்படித்தான். எடுக்காமல் போனால், கடல் தந்ததை வேண்டாம் என்று சொன்னதாகும். பிறகு கடலும் தராது.

அடுத்த நாள் மடியில் பாசியும், கையில் பட்டால் கடிக்கிற சொறிமீனும்தான் வந்தன. அதற்கு அடுத்த நாளும் அதுவே. பிறகு வந்தது ஒரு கூடை காரல். முள்ளுத்தான், சதை இல்லை.

ஆட்கள் கதைக்கத் தொடங்கினார்கள். என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. நான் சோறு போட வர நிறுத்தினார்கள்.

மத்தியானம் சம்மாட்டியார் குசினிக்கு வந்தார். அவர் அங்கே வருவது குறைவு.

"உன்ர துரை பங்கு எடுக்கட்டும். இல்லாட்டிப் போகட்டும்."

"சொல்லுறன்."

"சொல்லுறதோட முடியாது. அவனை வச்சிருக்கிறது நீ. நாளைக்கும் எடுக்காட்டி ரெண்டு பேரும் பையைக் கட்டுங்கோ. எத்தினை குடும்பம் இந்தக் கயித்தில தொங்குது. என்னால ஏலாது."

"ஓம்," என்றேன்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லுவேன். ஆனால் வெறுங்கையோடு சம்பூருக்குப் போய் என்ன செய்வது? அதை நினைத்துக்கொண்டு பானையைக் கழுவினேன். கழுவின பானையையே இன்னொரு தரம் கழுவினேன்.

அவன் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"ஏன் மீன் எடுக்கேல்லை?"

"நான் சாப்பிடறதில்ல. மூணு வருசமா."

"ஆர் சொன்னது?"

"யாரும் இல்ல. நானேதான். விட்டுட்டேன். திரும்பத் தொட மாட்டேன்."

"தின்னாட்டிப் பரவாயில்லை. எடுத்திருக்கலாமே."

"சாப்பிடாத ஆளுக்கு எதுக்கு? பிள்ளைங்க இருக்கிறவங்க எடுக்கட்டும்."

எனக்கு விளக்கமாகக் கதைக்க வராது. கரையின் முறையைச் சொன்னேன். காகத்தைக் காட்டினேன். மூன்று நாளாக வந்த பாசியையும் காரலையும் சொன்னேன். "நாளைக்கு நீ எடுக்காட்டிப் போகவேணும். நானும் போகவேணும்."

கத்தியைக் கீழே வைத்தான்.

"நீங்களுமா?"

"ஓம்."

உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டான். அவன் அப்படி முகம் சுருங்கி இருந்ததை அதற்கு முதல் நான் காணவில்லை. பிறகு கேட்டான்.

"எடுத்தா சாப்பிட்டுத்தான் ஆகணுமா?"

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கரையில் மீனை எடுத்துத் தின்னாத ஒருவன் இருந்தால்தானே தெரியும்.

"கேட்பம்," என்றேன்.

சம்மாட்டியார் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஆட்களும் இருந்தார்கள். நான்தான் சொன்னேன். இவருக்கு ஒரு நேத்தி, மீன் தொடமாட்டார் என்றேன். சாமிக்கு வைத்த நேர்த்தி என்றால்தான் அவர்களுக்கு விளங்கும்.

"எத்தினை நாளைக்கு?" என்று சம்மாட்டியார் கேட்டார்.

நான் அவனைப் பார்த்தேன். அவன், "சாகிற வரைக்கும்," என்றான்.

சிரிப்பு எழும்பியது. சுக்கான் அண்ணன், "பிடிக்க மட்டும் வருவார், தின்ன வரமாட்டார். மீனுக்கு நல்ல சிநேகிதன்," என்றார்.

"கயிறு இழுக்கப் பிடிக்கும்," என்றான் அவன்.

அதற்கும் சிரித்தார்கள். சம்மாட்டியார் சிரிக்கவில்லை. ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு யோசித்தார்.

"நேத்தியெண்டால் நேத்திதான். அம்மன் திருவிழாவுக்கு நாங்களும் மீன் தொடுறேல்லை. அதில பிழை இல்லை. ஆனா பங்கை எடுக்கவேணும். எடுத்தது உன்ர வயித்துக்குப் போகவேணும். காகத்துக்குப் போனதுதான் பிழை."

அவ்வளவுதான். ஊசியை எடுத்துத் திரும்பப் பொத்தத் தொடங்கினார்.

மீனைத் தின்னாமல் மீன் எப்படி வயிற்றுக்குப் போகும்? குசினிக்குத் திரும்பி வரும்போது எனக்கு வழி ஒன்றும் தெரியவில்லை. நான் என் சாரம் இரண்டையும் மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அடுத்த நாள் காலை வலை வந்தது. காரல், கொஞ்சம் சூடைமீன். அவனும் இழுத்தான். இப்போது முறை தெரிந்து முன்னால் ஓடிவந்து பிடித்தான். சம்மாட்டியார் குவியல் வைத்துக்கொண்டு வந்தார். அவனுக்கு வைக்கும்போது எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் இரண்டு கையாலும் அள்ளி ஒரு பன்புல் பைக்குள் போட்டான். ஒரு சூடை மணலில் விழுந்தது. அதையும் பொறுக்கி ஊதிப் போட்டான். பிறகு ரோட்டுப் பக்கம் நடந்தான்.

நான் விறகு பார்க்கிற சாட்டில் பின்னால் போனேன்.

ரோட்டோரம் கிண்ணியா முஸ்லிம் வியாபாரி ஒருவர் சைக்கிளோடு நிற்பார், காக்கா என்றுதான் கூப்பிடுவோம். மீன் ஏற்ற வருகிறவர். வரும்போது பெட்டியை வெறுமையாகக் கொண்டுவரமாட்டார். தேங்காய், கத்தரிக்காய், பூசணிக்காய் ஏதும் இருக்கும். எங்கள் ஆட்கள் தங்கள் கறிப்பங்கைக் கொடுத்து அவரிடம் சாமான் மாற்றுவது வழக்கம். அதை அவன் நாளும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

பையைத் திறந்து காட்டி, பூசணிக்காயைத் தொட்டான்.

காக்கா பைக்குள் பார்த்தார். "இந்தக் காரலுக்குப் பூசணிக்காயோ? காக்காவ விக்கப் பாக்கிறியா துரை?"

அவன் கழுத்தில் கிடந்த உருத்திராட்சத்தைக் கழற்றப் போனான்.

"சீ, அத வச்சு நான் என்ன செய்யிற? போடு கழுத்தில." காக்கா பெட்டிக்குள் கிண்டி ஒரு பூசணிக்காயை எடுத்தார். ஒரு பக்கம் அடிபட்டுக் கறுத்திருந்தது. "இத எடு. கறுப்ப வெட்டிப்போட்டு ஆக்கு. உள்ளுக்கு நல்லம்."

தோளில் வைத்துக்கொண்டு வந்தான். குழந்தைப்பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி. வாடி முழுக்கப் பார்த்தது.

"இது என்ன?" என்றார் சம்மாட்டியார்.

"என் மீன்," என்றான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சம்மாட்டியார் என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தார்கள். அவர் பூசணிக்காயை விரலால் தட்டிப் பார்த்தார். "சமை," என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

கறுத்ததை வெட்டி எறிந்துவிட்டு, தோலோடு துண்டு போட்டேன். வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், கொஞ்சம் வெந்தயம். கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பால். மாசிக் கருவாடு போடவில்லை. என் வேலை அந்தச் சட்டியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உப்பை நாலு தரம் பார்த்தேன்.

மத்தியானம் எல்லோரும் சோற்றுக் கோப்பையோடு இருந்தார்கள். அவனுக்குத்தான் முதலில் போட்டேன். கூட்டம் முழுக்க அவன் கையைப் பார்த்தது. பிசைந்து வாயில் வைத்தான். விழுங்கினான். இன்னொரு பிடி. வழித்துத் தின்றான். பிறகு கோப்பையை நீட்டி, "இன்னும்," என்றான்.

"போச்சுதோ வயித்துக்க?" என்றார் சுக்கான் அண்ணன்.

"ஓம்."

சம்மாட்டியார் தன் கோப்பையை என் பக்கம் நீட்டினார்.

"எனக்கும் அந்த மீனில ரெண்டு துண்டு போடு."

அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். சட்டி ஒரு சுற்றில் முடிந்தது. கடைசியில் வழித்தது நான். உப்புச் சரி.

பின்னேரம் வலை வளைத்தார்கள். மடி நிறைந்தது என்று சொல்லமாட்டேன். பாசி இல்லை. நெத்தலியும் சூடையும் அளவாக வந்தது. அடுத்தடுத்த நாளும் அளவாக வந்தது. நான் பைக்குள் இருந்த சாரத்தை எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டேன்.

பிறகு அவன் பங்கு எடுக்காத நாள் இல்லை. ஒருநாள் பூசணி, ஒருநாள் கத்தரி, நல்ல மீன் வந்த நாளில் ஒரு சீப்பு வாழைப்பழம். காக்கா அவனுக்கென்று தேடிக் கொண்டுவரத் தொடங்கினார். "துரைட மீன் வந்திருக்கு," என்று ரோட்டிலிருந்து கூப்பிடுவார். மற்ற ஆட்களும் மீன் அலுத்த நாளில் "இண்டைக்குத் துரையின்ர மீன் இல்லையோ?" என்று கேட்டார்கள். அதே கடல், அதே கயிறு. எனக்குச் சமைக்க ஒரு கறி கூடினது. அவ்வளவுதான். ஆனால் அந்த மாதங்கள் நன்றாக இருந்தன. பின்னேரம் வேலை முடிய அவனும் நானும் கொட்டில் வாசலில் இருப்போம். அவனும் கதைக்கமாட்டான், நானும் கதைக்கமாட்டேன். யாருக்கும் குறை இல்லை.

கடல் நிறம் மாறி, வாடை வீசத் தொடங்கியது. வலையைக் காயவைத்துக் கட்டினோம். அவனும் பையைக் கட்டினான். சாரம் இடுப்பில் சரியாக நின்றது. வாரைக் கழற்றிச் சுக்கான் அண்ணனிடம் நீட்டினான்.

"வச்சிரு. வழியில விழுத்திப்போட்டு எங்கட பேரைக் கெடுக்காத," என்றார் அவர்.

பையை முதுகில் ஏற்றிக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றான். நாங்களும் நின்றோம். எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் கேட்க விருப்பம். எனக்கும்தான். அவன் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, விளங்கி, தலையை ஆட்டிச் சிரித்தான்.

"போட்டு வாறன்," என்றான்.

போய்வருகிறேன் என்பதை எங்கள் பேச்சிலேயே சொன்னான். ரோட்டில் ஏறி டவுன் பஸ்ஸில் போனான். திரும்பி வரவில்லை. வருவான் என்று நானும் இருக்கவில்லை.

அந்த மாரி எங்கள் ஊரில் நல்ல மழை. வயல் விதைத்தோம். மனிசி வீட்டுக்குப் பின்னால் பூசணி போட்டாள். வேளாண்மை வெட்டி முடிந்து சோளகம் தொடங்குகிற நேரம், மூதூர் லோஞ்சில் வந்த ஒருவரிடம் சம்மாட்டியார் சொல்லி அனுப்பியிருந்தார். குசினி அப்படியே கிடக்கிறதாம், வரட்டாம். வரும்போது சம்பூர்ப் பூசணிக்காய் இரண்டு கொண்டு வரட்டாம்.

மூன்று கொண்டு போனேன்.